எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், பேசச் சொன்னால் வாயே திறப்பதில்லை. என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர்: அறிவியல் டீச்சர்

ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் 38 பேர். நான் ஒரு கேள்வி கேட்டால் ஐந்து கைகள் மேலே போகும். என்றைக்கும் அதே ஐந்து கைகள்தான். அதிலும் இரண்டு பேர் நான் கேள்வியை முடிப்பதற்குள் “மிஸ், மிஸ்” என்று ஆரம்பித்துவிடுவார்கள். மீதிப் பேரில் பலர் தேவைப்பட்டால் பேசக்கூடியவர்கள், அவர்களைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். வருகைப் பதிவு எடுக்கும்போது “உள்ளேன்” என்பார்களே, வருஷம் முழுக்க அவர்கள் குரலை நான் கேட்பது அந்த ஒரு சொல்லில்தான்.

அவர்களில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். மிதத்தல் பாடம் நடத்தும்போது, “டம்ளர் தண்ணீரில் மிதக்கிற பனிக்கட்டி முழுதாக உருகிவிட்டால் தண்ணீர் மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா?” என்று கேட்டேன். அந்த ஐவர் குழு “ஏறும் மிஸ்” என்றது. சத்தமாகச் சொன்னதாலேயே மொத்த வகுப்பும் அதை ஒப்புக்கொண்டது. அன்று மாலை நோட்டுத் திருத்துகிறேன். இந்தப் பெண் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு டம்ளர் வரைந்து, பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறாள்: “பனிக்கட்டி மிதக்கும்போது தன் எடைக்குச் சமமான தண்ணீரைத்தான் ஒதுக்குது. உருகின பிறகும் அதே எடைதான். அப்போ மட்டம் மாறாது.” கீழே இன்னொரு வரி, கேள்விக்குறியோடு: “உப்புத் தண்ணீர்னா?”

விடை சரி, காரணமும் சரி, அந்தக் கடைசிக் கேள்வி நான் பாடக்குறிப்பில்கூட எழுதி வைக்காதது. இதை அவள் வகுப்பிலேயே கேட்டிருந்தால் அன்றைக்கு வகுப்பு வேறு மாதிரி போயிருக்கும்.

எழுப்பி நிற்க வைத்துக் கேட்டால் மேஜையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. “கொஞ்சம் சத்தமாம்மா” என்றால் அதுவும் நின்றுவிடுகிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வருகிறது. வகுப்பில் பேசினால் 5 மதிப்பெண் என்று ஒரு பருவத்துக்கு வைத்துப் பார்த்தோம். ஏற்கெனவே பேசுகிறவர்கள் ஐந்துக்கு ஐந்து வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். பெற்றோர் கூட்டத்தில் அவள் அம்மாவிடம் கேட்டால், “இவளா? வீட்டில் வாயை மூடவே மாட்டாளே!” என்கிறார்.

என் கேள்வி இரண்டுதான். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா, கூடாதா? இல்லை, அது அவர்கள் சுபாவம், விட்டுவிடுவோம் என்று இருப்பதுதான் சரியா? நிஜமாகவே வகுப்பில் செய்து பார்த்ததைச் சொல்லுங்கள். “ஊக்கப்படுத்துங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், ப்ளீஸ்.

பதில்: கணக்கு சார்

கூப்பிடுங்கள் டீச்சர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கூப்பிடுகிறேன். முதல் இரண்டு வாரம் முழிப்பார்கள், அப்புறம் பழகிவிடும். நாளைக்கு நேர்முகத் தேர்வில் “இவர் கூச்ச சுபாவம்” என்று யாராவது தனி நாற்காலி போடப் போகிறார்களா? நாம் இப்போது விட்டுக்கொடுத்தால் பிற்காலத்தில் கஷ்டப்படப் போவது அவர்கள்தான்.

பதில்: ஓய்வுபெற்ற வாத்தியார்

டீச்சர், முதலில் ஒரு ஆறுதல். 38 பேரில் ஐந்து பேர்தான் பேசுகிறார்கள் என்பது உங்கள் வகுப்புக்கு மட்டும் வந்த நோய் இல்லை. 1976இல் கார்ப், யோல்ஸ் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் கல்லூரி வகுப்புகளில் யார் யார் பேசுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். 40 பேருக்குக் குறைவான வகுப்புகளில் நான்கைந்து பேரே மொத்தப் பேச்சில் முக்கால்வாசியைப் பேசித் தீர்த்தார்கள். மற்றவர்கள் பொறுப்பை அவர்கள் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியருக்கும் அது வசதி. கேட்டதற்கு விடை வருகிறது, பாடம் ஓடுகிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமல் எல்லோரும் சேர்ந்து செய்துகொள்ளும் ஏற்பாடு இது.

அதனால் அந்தப் பெண்ணிடம் என்ன குறை என்று தேடுவதை ஒரு மாதத்துக்கு நிறுத்திவையுங்கள். உங்கள் கேள்விக்கு என்ன ஆகிறது என்று மட்டும் பாருங்கள்.

நான் கடைசிச் சில வருஷங்கள் பயிற்சி ஆசிரியர்களின் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன். கையில் ஒரு கடிகாரம் இருக்கும். கேள்வி முடிந்ததிலிருந்து அடுத்த சத்தம் வரும்வரை எவ்வளவு நேரம் என்று பார்ப்பேன். பெரும்பாலும் ஒரு நொடிகூட ஆகாது. அதற்குள் யாரும் பேசாவிட்டால் ஆசிரியருக்குப் பதற்றம் வந்துவிடும். அதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்பார், இல்லாவிட்டால் விடையின் முதல் எழுத்தை எடுத்துக்கொடுப்பார், “அடர்... அடர்த்...” என்று. யோசிக்க ஆரம்பித்த பிள்ளை அங்கேயே கடையைக் கட்டிவிடும்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க அம்மையார், உங்களைப் போல அறிவியல் கற்பித்தலைச் சேர்ந்தவர், 1970களிலேயே வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்து சொல்லிவிட்டார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, “தெரியாது” என்பது குறைந்தது, பிள்ளைகள் தாங்களாகவே கேள்வி கேட்டார்கள். உங்களுக்குத் தேவையானது இன்னொரு விஷயம்: மந்தம் என்று ஆசிரியர்கள் முத்திரை குத்தி வைத்திருந்த பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். அதுவரை கெட்டிக்காரர்கள் என்று நினைத்தவர்களுக்குக் கூடுதல் அவகாசமும், இவர்களுக்குக் குறைவாகவும் கிடைத்துக்கொண்டிருந்தது. யார் சீக்கிரம் சொல்வார்களோ அவர்களுக்குத்தான் நேரமும் தருகிறோம், வேடிக்கையைப் பாருங்கள்.

ரோவ் இரண்டு இடைவெளிகளைச் சொன்னார். ஒன்று கேள்விக்குப் பின். மற்றொன்று பதிலுக்குப் பின், அதுதான் எல்லோரும் மறந்துபோவது. ஒரு பையன் “ஏறும் மிஸ்” என்றதும் நாம் என்ன செய்கிறோம்? “சரி” அல்லது “தப்பு” என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ஆசிரியர் கேட்பது, மாணவர் சொல்வது, ஆசிரியர் மதிப்பிடுவது. சின்க்ளேர், கூல்ட்ஹார்ட் என்ற இங்கிலாந்து மொழியியலாளர்கள் 1975இலேயே வகுப்பறைப் பேச்சு இந்த மூன்று படியில்தான் ஓடுகிறது என்று எழுதிவிட்டார்கள். இந்தச் சக்கரத்தில் வாயைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்கு ஒரு குட்டித் தேர்வு. அமைதியான பிள்ளை புத்திசாலியாக இருந்தால் அந்தத் தேர்வைத் தவிர்க்கத்தான் பார்க்கும். “ஏறும்” என்று ஒருவன் சொன்னால் முகத்தில் எதையும் காட்டாமல் “ம், ஏறும் என்கிறான்” என்று பலகையில் எழுதிவிட்டு மூன்று நொடி சும்மா நில்லுங்கள். ரொம்பக் கஷ்டம். எனக்குப் பல வருஷம் நாக்கு அரித்தது.

சரி, இப்போது உங்கள் பெண். அவள் எழுதிவிட்டாள், உங்களுக்கு மாலையில்தான் தெரிந்தது. அந்த நோட்டை நீங்கள் வகுப்பு நடக்கும்போதே பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். நான் செய்தது இது. கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு, “இரண்டு நிமிஷம், யாரும் கை தூக்கக் கூடாது, ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள்” என்பேன். அந்த ஐந்து பேருக்கும் இதே சட்டம்தான், அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. எழுதும்போது நடந்துகொண்டே எல்லோர் நோட்டையும் எட்டிப் பார்ப்பேன். ஒருவரிடம் மட்டும் போனால் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும், அதனால் பத்துப் பேரிடமாவது நிற்பேன். பேசாத பிள்ளையின் மேஜைக்கு வந்ததும் குனிந்து, பென்சிலால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பேன். பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காத குரலில், “இந்த வரி நல்லா இருக்கு. அப்புறம் இதை அப்படியே வாசிக்கிறியா? இல்ல, நான் வாசிக்கட்டுமா?” என்பேன். இரண்டில் எதுவானாலும் அந்த வரி வகுப்புக்குள் வந்துவிடும். முதலில் பெரும்பாலும் “நீங்களே வாசிங்க சார்” என்றுதான் வரும். நான் வாசிப்பேன், பெயர் சொல்லமாட்டேன். தன் வரியை வைத்து நாலு பேர் சண்டை போடுவதை அந்தப் பிள்ளை உட்கார்ந்து கேட்கும். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, “நானே வாசிக்கிறேன்” என்று வரும். யாரோ அந்த வரியைத் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பார்கள், அது பொறுக்காமல் வரும். கூச்சத்தைவிட ரோஷம் பெரியது.

இதில் என்ன நடக்கிறது என்றால், தன் விடை தப்பாக இருக்குமோ என்ற பயம் முன்கூட்டியே போய்விடுகிறது. வார்த்தை தேட வேண்டிய வேலையும் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. எப்போது கூப்பிடுவார்களோ என்ற படபடப்பும் இல்லை. மிச்சம் இருப்பது குரல் மட்டும்தான்.

வாசிக்கும்போது எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள். “கொஞ்சம் சத்தமாம்மா” வேண்டாம். ஆரம்பத்தில் நீங்கள் பக்கத்தில் நின்று, கேட்காதவர்களுக்காக அந்த வரியை நீங்களே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுங்கள். பழகின பிறகு எதிர் மூலைக்குப் போய் நில்லுங்கள், பிள்ளை உங்களைப் பார்த்துப் பேசுவதால் குரல் தானாக உயரும். முக்கியமாக, பேசி முடித்ததும் “ஆஹா, இன்னைக்கு வாயைத் திறந்துட்டாளே, எல்லாரும் கை தட்டுங்க” என்று ஆரம்பித்துவிடாதீர்கள். பேசியது என்ன என்பதை விட்டுவிட்டுப் பேசியதையே கொண்டாடினால் பிள்ளை கூனிக் குறுகிப் போகும். “உப்புத் தண்ணீரில் என்ன ஆகும், யாருக்கு என்ன தோணுது?” என்று அவள் கேள்வியை எடுத்துக்கொண்டு மேலே போங்கள். அவளுக்கு நீங்கள் தரக்கூடிய மரியாதை அதுதான்.

கணக்கு சாருக்கு ஒரு வார்த்தை: கூப்பிடுவதில் தப்பில்லை சார். கூப்பிடுவதற்கு முன்னால் என்ன செய்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பதில்: பின்வரிசைக்காரி

நான் ஆசிரியை கிடையாது. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக இருந்தவள். இப்போது தினமும் மீட்டிங்கில் பேசித்தான் சம்பளம் வாங்குகிறேன், அதனால் “வாழ்க்கையே போச்சு” என்று யாரும் பயப்பட வேண்டாம்.

உள்ளே என்ன ஓடும் என்று சொல்கிறேன். கேள்வி வந்ததும் விடை தெரியும். அதைச் சொல்வதற்கு ஒரு வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன், சரியில்லை என்று மாற்றுவேன், மறுபடி சொல்லிப் பார்ப்பேன். அது தயாராகும்போது வேறு யாராவது அதையே சொல்லியிருப்பார்கள். இல்லாவிட்டால் பேச்சு இரண்டு கேள்வி தாண்டிப் போயிருக்கும். அப்புறம் கை தூக்கினால் பழைய கேள்விக்குப் பதில் சொல்கிறவள் என்று ஆகிவிடும். சோம்பேறித்தனம், ஆர்வமின்மை என்று என்னைப் பற்றி என்னென்னவோ எழுதினார்கள். நானோ ஒரு மணி நேரமும் வேலை செய்துகொண்டுதான் இருந்தேன்.

இன்னொன்று. “ஏன் நீ பேசவே மாட்டேங்கிற?” இதை எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். இதற்குப் பேசித்தானே பதில் சொல்ல வேண்டும்!

எனக்கு உதவியது ஒரு வேலை. வரலாறு டீச்சர் ஒருவர், விவாதம் நடக்கும்போது யார் என்ன சொன்னார்கள் என்று பலகையில் எழுதும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார். எழுதும்போது “நீ சொன்னது இதுதானா?” என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்படிக் கேட்பது பேசுவதாகவே எனக்குத் தோன்றவில்லை, வேலையாகத் தோன்றியது. கொஞ்ச நாளில் “இது முன்னாடி இவ சொன்னதுக்கு நேர் எதிராச்சே” என்று பலகையைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். முகத்தை எல்லோரும் பார்த்தால் நடுங்கும். பலகையைப் பார்த்தால் நடுங்காது.

வாத்தியார் ஐயா சொன்ன புள்ளி வைக்கிற விஷயத்தைப் படித்ததும் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

பதில்: பள்ளி ஆலோசகர்

ஒரு எச்சரிக்கை மட்டும். “வீட்டில் வாயை மூடவே மாட்டாள், பள்ளியில் ஒரு சொல் இல்லை” என்று டீச்சர் எழுதியிருப்பதால் சொல்கிறேன். பெரும்பாலும் அது வெறும் கூச்சம்தான். ஆனால் தேர்ந்த மௌனம் (selective mutism) என்று ஒரு நிலை உண்டு. சில இடங்களில் சரளமாகப் பேசும் பிள்ளைக்கு, பள்ளி போன்ற வேறு இடங்களில் பேச்சு வரவே வராது. பிடிவாதம் என்று பலர் நினைக்கிறார்கள். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கோளாறு வகைப்பாட்டில் இதைப் பதற்றக் கோளாறுகளோடு சேர்த்துவிட்டார்கள். பேச முடியாத நிலை குறைந்தது ஒரு மாதம் நீடிக்க வேண்டும், அதிலும் பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். இந்தப் பெண் வருகைப் பதிவுக்குக் குரல் கொடுக்கிறாள், அது நல்ல அறிகுறி. இடைவேளையில் தோழிகளோடு பேசுகிறாளா என்று கவனியுங்கள். அங்கேயும் இல்லை, தேவை என்றால்கூட வாய்விட்டுக் கேட்கமாட்டேன் என்கிறாள் என்றால், வகுப்பறை உத்திகளோடு நிறுத்தாமல் பெற்றோரிடம் பேசி நிபுணரிடம் அனுப்புங்கள். நீங்களாகவே பெயர் சூட்ட வேண்டாம்.

வாத்தியார் ஐயாவின் “அப்படியே வாசி” உத்தி நல்லது. ஒரு பிரிவுக்கு மட்டும் அது சரிப்படாது: திக்குகிற பிள்ளைகள். பேசும்போது வராத சொல்லைத் தள்ளிவிட்டு வேறு சொல் போட்டுச் சமாளித்துவிடுவார்கள். எழுதியதை வாசிக்கும்போது அந்த வழி அடைபட்டுவிடுகிறது. தன் பெயரைச் சொல்வதே அவர்களில் பலருக்குக் கடினம், காரணம் பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது. அவர்களிடம் தனியாக, “உனக்கு எப்படி வசதி?” என்று கேட்டுவிடுங்கள். சேர்ந்து வாசிக்கும்போது பலருக்குத் திக்கல் குறையும், அதனால் இரண்டு பேராக ஒரே வரியை வாசிப்பதும் ஒரு வழி. பார்வை, கேட்கும் திறன், வகுப்பு நடக்கும் மொழி புதிது என்பது போன்ற சாதாரணக் காரணங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அறிவியல் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. ஆலோசகர் சொன்னபடி இடைவேளையில் கவனித்தேன். தோழியோடு நன்றாகப் பேசுகிறாள், கிண்டல்கூட அடிக்கிறாள். மனசு லேசாயிற்று.

வாத்தியார் ஐயா, இரண்டு சந்தேகம். மூன்று நொடி காத்திருந்தால் அந்த இடைவெளியில் என் ஐவர் குழு குதித்து விழுகிறது. கை தூக்காதே என்றால் வாயால் சொல்லிவிடுகிறார்கள். அவர்களை அடக்கினால் முகம் சுண்டிப்போகிறது, பாவமாக இருக்கிறது. இரண்டாவது, எனக்கு இருப்பது 40 நிமிஷப் பீரியட். ஒவ்வொரு கேள்விக்கும் எழுது, சுற்று, வாசி என்றால் பாடத்தை எப்போது முடிப்பது?

ஓய்வுபெற்ற வாத்தியார்

எல்லாக் கேள்விக்கும் செய்ய வேண்டாம் டீச்சர். “அடர்த்தியின் அலகு என்ன?” என்பதற்கு இரண்டு நிமிஷம் எழுத விட்டால் அது கேலிக்கூத்து. பனிக்கட்டிக் கேள்வி மாதிரி, ஆளுக்கு ஒரு ஊகம் இருக்கக்கூடிய கேள்வியாகப் பீரியடுக்கு ஒன்று போதும். எழுத இரண்டு நிமிஷம், பக்கத்தில் இருப்பவரோடு பேச இரண்டு நிமிஷம், அப்புறம் பொது விவாதம். யோசி, ஜோடியாகப் பேசு, எல்லோரிடமும் சொல் என்ற இந்த முறையை 1981இல் ஃபிராங்க் லைமன் என்ற மேரிலாந்து பல்கலைக்கழகக்காரர் வகுத்துக் கொடுத்தார். இன்றைக்கு எல்லாப் பயிற்சி வகுப்பிலும் ஒப்பிக்கிறார்கள். ஒப்பிப்பவர்களில் பாதிப் பேர் முதல் படியை விழுங்கிவிட்டு நேராக ஜோடிக்குப் போகிறார்கள். அப்படிச் செய்தால் வாயாடி பேசுவார், மற்றவர் தலையாட்டுவார், 38 பேர் வகுப்பில் நடந்தது இரண்டு பேருக்குள்ளும் நடக்கும். எழுதிய பிறகுதான் ஜோடி. உங்கள் பெண்ணை அந்த ஐவரில் ஒருவரோடு சேர்க்காதீர்கள், இன்னொரு அமைதியான பிள்ளையோடு போடுங்கள். இரண்டு அமைதியான பிள்ளைகள் சேர்ந்தால் பேசாமல் இருப்பார்கள் என்று நினைப்போம். இருக்கமாட்டார்கள், யாராவது ஒருவர் பேசித்தானே ஆக வேண்டும்.

பொது விவாதத்தில் “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்காமல், “உன் பக்கத்தில் இருப்பவள் என்ன சொன்னாள்?” என்று கேட்டுப் பாருங்கள். அடுத்தவர் கருத்தைச் சொல்ல யாரும் அவ்வளவாகக் கூச்சப்படுவதில்லை. தப்பானாலும் பழி தன்மேல் இல்லை பாருங்கள்!

ஐவர் குழுவுக்கு ஒரு வேலை கொடுங்கள். தன் கருத்தைச் சொல்வதற்கு முன், கடைசியாகப் பேசியவர் சொன்னதைத் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும், அவர் “ஆமாம், அதைத்தான் சொன்னேன்” என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் தன் முறை. வேகக்காரர்களுக்கு இது சவால், விரும்பியே செய்வார்கள். மற்றவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். அந்த ஐவரில் முந்திரிக்கொட்டையாக ஒருவன் இருப்பான், கட்டாயம் இருப்பான். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, “உனக்கு விடை தெரியும்னு எனக்குத் தெரியும். மத்தவங்க எங்க தடுமாறுறாங்கன்னு கேட்டு வச்சு, வகுப்பு முடிஞ்சதும் எனக்குச் சொல்றியா?” என்று கேளுங்கள். உளவாளி வேலை என்றால் யாருக்குத்தான் பிடிக்காது.

கணக்கு சார்

நான் சொன்னதை முரட்டுத்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் பற்றிக் கல்லூரி வகுப்புகளில் ஆய்வும் நடந்திருக்கிறது, 2013இல் டாலிமோர் என்பவரும் இன்னும் இருவரும் வெளியிட்டார்கள். அதிகம் கூப்பிடப்பட்ட வகுப்புகளில் நாளாக நாளாகத் தாமாக முன்வந்து பேசியவர்களும் அதிகமானார்கள். விவாதத்தில் பேசுவதைப் பற்றிய சங்கடமும் கூடவில்லை, குறைந்தது. ஆக, கூப்பிட்டால் பிள்ளைகள் உடைந்துபோவார்கள் என்பது கொஞ்சம் மிகை.

ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். எல்லோரையும் கூப்பிடுவார்கள் என்று பிள்ளைகளுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். கவனிக்காத பையனைப் பிடிப்பதற்காக மட்டும் பெயர் சொன்னால், அந்த வகுப்பில் பெயர் என்பதே தண்டனையாகிவிடும். நான் பதிவேட்டு வரிசையில் போவதற்குக் காரணமே அதுதான், என் முறை எப்போது என்று பிள்ளைக்குத் தெரியும். இன்னொரு விதியும் வைத்திருக்கிறேன்: “சார், அடுத்து வாங்க” என்று யாரும் சொல்லலாம். சொன்னால் கேள்வி கேட்காமல் தாண்டிவிடுவேன், மூன்று பேர் கழித்துத் திரும்ப வருவேன். அதற்குள் மூன்று பேர் பேசியதைக் கேட்டிருப்பார்கள், அதில் ஒன்றோடு உடன்படுகிறேன் என்றாவது சொல்லிவிடுவார்கள். வாத்தியார் சொன்ன இரண்டு நிமிஷ எழுத்தை இதற்கு முன்னால் சேர்த்தால் நன்றாகத்தான் இருக்கும், சேர்த்துப் பார்க்கிறேன்.

அறிவியல் டீச்சர்

உப்புத் தண்ணீர்க் கேள்வியை வைத்தே தொடங்கினேன். பலகையில் எழுதினேன், இரண்டு நிமிஷம். புள்ளி வைத்துக் கேட்டதற்கு, ஐயா சொன்ன மாதிரியே, “நீங்களே வாசிங்க மிஸ்.” வாசித்தேன்: “உருகினா நல்ல தண்ணீர்தான் வரும். உப்புத் தண்ணீரை விட அதுக்கு அடர்த்தி கம்மி. அதனால் ஒதுக்கின இடத்தை விட கொஞ்சம் அதிக இடம் வேணும்.” வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. “டம்ளர்ல உப்பு இருந்தா பனிக்கட்டிக்கு என்ன?” என்று என் முந்திரிக்கொட்டை வாதாடினான். அவள் பக்கத்தில் இருந்த தோழி, “இல்லடா, உப்புத் தண்ணியில அது இன்னும் மேல மிதக்கும்ல” என்றாள். அவளும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்திதான், நான் எதிர்பார்க்கவே இல்லை. நான் மனதில் வைத்திருந்த பெண் இன்னும் பொதுவில் பேசவில்லை, தோழியின் காதில் ஏதோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. அந்த 5 மதிப்பெண்ணை எடுத்துவிட மேலிடத்தில் சம்மதம் இல்லை, பட்டியலில் அந்தக் கட்டம் இருந்தே ஆக வேண்டுமாம். அதை எப்படிப் போடுவது?

ஓய்வுபெற்ற வாத்தியார்

கட்டம் இருக்கட்டும், தலைப்பை மட்டும் “விவாதத்துக்குக் கொடுத்த பங்கு” என்று மாற்றிக்கொள்ளுங்கள். எழுதிய வரி வகுப்பில் வாசிக்கப்பட்டால் அதுவும் பங்கு, யார் வாசித்தாலும் சரி. இன்னொருவர் சொன்னதைச் சரியாகத் திருப்பிச் சொன்னாலும் பங்கு. பலகையில் எழுதியதும் பங்கு, பின்வரிசைக்காரி அம்மா சொன்ன மாதிரி. வகுப்பு முடிந்து நோட்டில் “இவள் இப்படிச் சொன்னதும் என் எண்ணம் இப்படி மாறியது” என்று எழுதித் தந்தால் அதற்குக் கொஞ்சம் கூடவே போடலாம், அது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். பருவம் தொடங்கும்போதே இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். எத்தனை தடவை வாயைத் திறந்தார்கள் என்று மட்டும் எண்ணாதீர்கள். எண்ண ஆரம்பித்தால் உங்கள் ஐவர் குழு அன்றைக்கே பத்துத் தடவை திறந்துவிடும்.